உன் அண்ணன் சிரித்துக்கொண்டு போகவில்லை

செல்லையாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம் என்று தொடங்கினால் அது பொய்யாகிவிடும். இனிமேல் பொய் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். நம் கோயில் உபதேசியாரிடம் கேட்டால் முத்து முத்தாக எழுதித் தருவார். ஆனால் இதில் வரும் விஷயம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவர் காதில் விழக் கூடாது. அதனால் பிழை பார்க்காமல், அவசரப்படாமல், ஒரு இடத்தில் உட்கார்ந்து படி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். வருகிற திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வாத்தியார் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது, அதைக்கூட விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாய். அதெல்லாம் போகட்டும். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ‘அண்ணன் சிரித்துக்கொண்டே போனான் என்று நீங்கள் கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னீர்கள், நான் போகும்போது என்னைப் பற்றியும் அப்படியே சொல்ல வேண்டும்’ என்று. அதைப் படித்த பிறகு பானையில் தண்ணீர் வற்றி நெல் கருகிய வாடை வரும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

உன் அண்ணன் சிரித்துக்கொண்டு போகவில்லை. அன்றைக்கு நீ ரயிலடிக்கு வரவில்லை. உனக்குப் பொன்னுக்குவீங்கி கண்டு விடுதியில் கன்னம் வீங்கிக் கிடந்தாய். அதனால் நான் சொன்னதுதான் உனக்குத் தெரியும். நான் சொன்னது பொய்.

முதலிலிருந்தே சொல்லுகிறேன். அவன் சிப்பாயாகச் சேர்ந்தபோது சண்டை ஒன்றும் கிடையாது. உன் அப்பா பேதியில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சம்பளம் வரும், சோறு கிடைக்கும் என்று போனான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, கெட்ட பழக்கம் இல்லாத பிள்ளை, அவுல்தார் ஆனான். சண்டை வந்ததும் ஜமேதார் ஆக்கினார்கள். வெள்ளைக்கார துரைக்கு அடுத்தபடி நாற்பது பேருக்கு அதிகாரி என்று உபதேசியார் சொன்னார். இருபத்தாறு வயது. கப்பலேறுவதற்கு முன்னால் பத்து நாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு வார், இடுப்பில் ஒரு வாள். நம் தெருவுக்குள் அவன் நடந்து வந்தபோது குடத்தோடு நின்ற பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நீ படித்தவன், உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் ஊர் கிராம முன்சீப் வீட்டு வாசலில் உன் அப்பா கைகட்டி நின்றுதான் பேசியிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தும் நின்றுதான் பேசினார். அந்த வாசலில் உன் அண்ணனுக்கு நாற்காலி போட்டார்கள். ‘உட்காருங்க ஜமேதாரே’ என்று முன்சீப்பே சொன்னார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பத்து நாளும் அந்த நாற்காலிதான் என் கண்ணுக்குள் இருந்தது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, சட்டியில் குழம்பு அப்படியே இருந்தது. வெளியே வண்டி ஒன்று கடகடவென்று போனால் தோள் தூக்கிப்போட்டது. எல்லாம் பார்த்தேன். பார்த்தும் பாராததுபோல, இன்றைக்கு யார் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலையில் குளிக்கப் போனவன் வெகுநேரம் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். சிற்றாறு வந்து பெரிய ஆற்றில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரத் துணியோடு கல்லில் உட்கார்ந்திருந்தான். நான் அவனுடைய இடது பக்கம் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, சின்னப் பிள்ளையில் அவனுக்கு இடது காதில் சீழ் வடியும். நான்தான் வேப்பெண்ணெய் காய்ச்சி விடுவேன். பிறகு அது நின்றுவிட்டது. பட்டாளத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கேட்டு அந்தக் காது முழுசாகப் போய்விட்டதாம். யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னான்.

“எம்மா, எனக்குப் பயமா இருக்கு” என்றான். “அங்கன போன ஆளுங்க திரும்பி வரலை. எங்க பட்டாளத்து டாக்டர்ட்ட காதைக் காட்டுனா, சண்டைக்கு லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்துருவாரு. ஊட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, புதுப் பயலுவளுக்குப் பழக்கிவிட இங்கனயே நிறுத்திக்கிடுவாங்க. போய்க் காட்டட்டுமா? நீ சொன்னா காட்டுதேன்.”

 

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏலே, பைய பேசு, யாரும் கேட்டுறப் போறாங்க” என்று சொன்னேன். அதுதான் முதலில் என் வாயில் வந்தது. பிறகு சொன்னேன், “நாற்காலி போட்டு உட்கார வச்ச ஊருலே இது. செவிடுன்னு எழுதி வாங்கிட்டு வந்து நின்னா, நாளைக்கு எந்த மூஞ்சியோட நான் தெருவுல நடப்பேன்? ஜெபம் பண்ணு, பயம் போயிரும்” என்று. அவன் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனான். திருநெல்வேலி ரயிலடியில் அவன் முகம் சாம்பல் பூத்தது போல இருந்தது. வண்டி நகரும்போது நான் கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான், ஆனால் கையைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு கடிதங்கள் வந்தன. பஸ்ராவில் இறங்கி, ஆற்றோடு மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்று எழுதினான். அந்த ஆறு எது என்று உபதேசியார்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஏதேன் தோட்டத்திலிருந்து ஓடுகிறது என்று நாம் ஞாயிறு பள்ளியில் படித்த இதெக்கேல் ஆறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகன் ஏதேனில் இருக்கிறான், அங்கே அவனுக்கு என்ன வந்துவிடும் என்று கிணற்றடியில் சொன்னேன், சந்தையில் சொன்னேன். மற்ற ஊர்த் தாய்மார் எங்கேயோ பெயர் தெரியாத சீமைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருக்க, நான் மட்டும் ஆதாமின் ஊருக்கு அனுப்பியவள்போல நிமிர்ந்து நடந்தேன். நாம் படித்த நாலு எழுத்து நமக்கு எப்படியெல்லாம் கண்ணை மறைக்கும் என்று பார்.

அந்தக் கடிதங்களில் பயம் என்று ஒரு வார்த்தை கிடையாது. துரைமார் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். ‘காது அப்படியேதான் இருக்கிறது.’ அடுத்ததில், ‘காதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.’ நீயும் அதைப் படித்திருக்கிறாய். உனக்கு அது காது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும் அவன் என்ன கேட்கிறான் என்று. அங்கே போன பிறகும் என் வாயிலிருந்து ஒரு சரி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் பதில் எழுதினேன், ‘ஜெபம் பண்ணு.’ மூன்று தடவையும் அதையே எழுதினேன்.

அவன் செத்துப்போனதாகக் காகிதம் வந்ததும், அடக்கம் பண்ண உடம்பு இல்லாமல் கோயிலில் ஞாபக ஆராதனை வைத்ததும் உனக்குத் தெரியும். ஆண்கள் பக்கம் முன்னால் நீ உட்கார்ந்திருந்தாய். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிற பென்சன் அவுல்தார் அண்ணாச்சி பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு வந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் என்னைப் பார்த்து, “சாட்சி சொல்லுங்கம்மா” என்றார். நம் சபையில் அது வழக்கம்தான். பாடுபட்டவர்கள் எழுந்து நின்று, கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நின்று சொல்வதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எழுந்திருக்கும்போது என் மனதில் ஒன்றும் இல்லை. ஆற்றங்கரை மட்டும்தான் இருந்தது. நான்தான் அவனைப் போகச் சொன்னேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை கண்கள் என் மேலே. முன்சீப் கூட வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். “என் மகன் பயம் அறியாதவன், சிரித்துக்கொண்டே போனான், நானும் சிரித்துக்கொண்டே அனுப்பினேன்” என்று வந்துவிட்டது.

அவுல்தார் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், “இந்த ஆத்தா மாதிரி நாலு தாய் இருந்தா சண்டை என்னைக்கோ முடிஞ்சிருக்கும்வே” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு வில்வண்டி அனுப்பினார். இன்னொரு ஊர்க் கோயிலில் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு வேறு ஊர். சொல்லச் சொல்லப் பொய் வழவழவென்று ஆகிவிட்டது, செல்லையா. எங்கே நிறுத்தினால் பெண்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லி முடித்து உட்காரும்போது, உண்மையாகவே அவன் சிரித்த முகம்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் வண்டி ஏறினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்படிப் போன ஊர்களிலிருந்து பையன்கள் பெயர் கொடுத்தார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை. நம் தெருவில் ஒருவன் எனக்குத் தெரியும், ஞானப்பூ மகன் பொன்னையா. அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. அவன் போகிற அன்றைக்கு ஞானப்பூ என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க இருந்த மாதிரி நானும் தைரியமா இருக்கணும்னு பாக்குதேன், முடியலையே” என்று சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. இப்போது அவள் கிணற்றுக்கு வருகிற நேரம் பார்த்து நான் போவதில்லை. தபால்காரர் கோலில் கட்டிய சலங்கை தெருமுனையில் கேட்டால், அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று பார்க்கத் தைரியமில்லாமல் மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றுகொள்ளுகிறேன். பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். 

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவன் பெயர் வேதமுத்து. களக்காட்டுப் பிள்ளை, உன் அண்ணனுக்குக் கீழே இருந்த சிப்பாய். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உன் கடிதம் வந்ததும் ஆள் விட்டு அவனை வரவழைத்தேன். முதலில் அவன் பத்து நாளைக்கு முன்னால் தானாகவே விசாரித்துக்கொண்டு வந்தான். சோறு போட்டேன். இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டான். நான் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது, ஏதேன் எப்படியப்பா இருந்தது என்று கேட்டேன். பைத்தியக்காரி, அதைத்தான் கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டான். “ஏதேனா? யார் ஆத்தா சொன்னது? ஈயும் சகதியுந்தான். ஆதாமைத் துரத்திருக்கவே வேண்டாம், அவனே ராவோட ராவா ஓடியிருப்பான்” என்றான். நானும் சிரித்தேன். உன் அண்ணன் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் மற்றதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். இனி அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஜமேதார் ஐயா எங்ககிட்ட மறைக்க மாட்டாரு, ஆத்தா. ஏலே எனக்கும் பயந்தாம்லே, வாய் உலந்து போகுது, பயப்படுதவன் எல்லாம் என் வலப்பக்கம் வாங்கன்னு சொல்லுவாரு. வலப்பக்கந்தான அவருக்குக் கேக்கும். அது எங்க நாலஞ்சு பேருக்கு மட்டுந்தான் தெரியும். அன்னைக்கு ஆத்தங்கரை மேட்டுல போய்க்கிட்டு இருக்கோம். ஒதுங்க ஒரு செடி கிடையாது. இடப்பக்கமிருந்து துரை ‘எல்லாரும் படுங்க’ன்னு கத்துனாரு. படுத்துட்டோம். தலையைத் தூக்கிப் பாக்கேன், ஐயா மட்டும் நிக்காரு. எங்கள ஏன் காணோம்னு திரும்பித் திரும்பிப் பாக்காரு. நான் கத்துனேன் ஆத்தா. நானும் இடப்பக்கமாத்தான் கிடந்தேன்.”

  அவனை வாசல் வரைக்கும் கொண்டுவிட்டு, திரும்பி வந்து அவன் சாப்பிட்ட இலையை எடுத்தேன். எடுத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

உனக்குக் கணக்கு வரும். நீயே கூட்டிப் பார். குண்டு போட்டவன் யாரோ, எனக்குத் தெரியாது. உன் அண்ணன் காதில் கோளாறு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மேட்டில் அவன் நின்றிருக்க மாட்டான். எழுதி வாங்கட்டுமா என்று என்னைத்தான் கேட்டான். பட்டாளத்தில் அதிகாரி, நாற்பது பேர் அவன் சொன்னால் கேட்பார்கள், அவன் என்னிடம் வந்து கேட்டான். நான் யாரும் கேட்டுவிடப் போகிறார்கள் என்று வாயைப் பொத்தினேன்.

இதைப் படித்துவிட்டு, பயத்தோடு போனான் என்றால் இன்னும் பெரிய வீரன் அல்லவா என்று நீ நினைத்துக்கொள்வாய். உன்னைப் பெற்றவளுக்கு உன் புத்தி தெரியும். விடுதியில் உன் கூட்டாளிகளுக்கு அதை வாசித்துக் காட்டவும் தோன்றும். அதுதான் எனக்கு இப்போது எல்லாவற்றையும்விடப் பயம். பொய் சொன்னேன், நீ போகிறேன் என்றாய். உண்மையைச் சொல்லி, அதற்காகவும் நீ போய்விட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதனால் கேள். அவன் என் மகன், உன் அண்ணன், மீன் குழம்பில் தலையை மட்டும் உனக்குத் தள்ளிவிட்டு நடுத்துண்டைத் தின்கிற பயல். அவனுக்குச் சாக இஷ்டமில்லை. என்னிடம் சொன்னான். அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் அதில் ஒன்றும் சேர்க்காதே, நான் சேர்த்தது போதும்.

வயதாகிவிட்டது, இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். பயம் அறியாதவன் என்று யாராவது யாரையாவது புகழ்ந்தால், புகழ்கிற ஆள் எங்கே நின்றுகொண்டு புகழ்கிறான் என்று பார். நான் கோயிலுக்குள் நிழலில் நின்று சொன்னேன். அவுல்தார் அண்ணாச்சி வில்வண்டியில் இருந்து சொல்லுகிறார். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னிடம் வந்து பயமாக இருக்கிறது என்றால், ஜெபம் பண்ணு என்று சொல்வதற்கு முன்னால் எதற்குப் பயம் என்று கேள். நான் ஜெபத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பிள்ளையின் வாயை அடைக்க அதை எடுத்தேன், அது பாவம் என்கிறேன்.

போகாதே, செல்லையா. வளைத்து வளைத்து எழுதத் தெரியவில்லை. போகாதே. உன் அண்ணனுக்கு நான் ஒரு தடவை முடிவு சொல்லிவிட்டேன். உனக்கும் நானே முடிவு சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்ளுகிறேன். உன் மனதுக்குள்ளே அவன் ஆற்றங்கரையில் சொன்ன மாதிரி ஒரு வார்த்தை எங்கேயாவது கிடந்தால், அதை வேதமுத்துவிடம் சொல். அவன் சிரிக்க மாட்டான். நீ படித்து முடிக்கும் வரைக்கும் விடுதி வாசலில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவனோடேயே வண்டியில் வந்துவிடு. சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் இங்கே வந்துவிடலாம்.

இந்த ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து நிற்கப் போகிறேன். யாரும் கூப்பிடாமலே எழுந்திருப்பேன். உபதேசியாருக்கு முன்னாலேயே தெரிந்தால், வேண்டாம்மா, சபைக்குக் கேடு என்று உட்கார வைத்துவிடுவார். அவுல்தார் அண்ணாச்சி வந்திருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சர்க்காருக்கு விரோதமாகப் பேசினாள் என்று எழுதிப் போடுவாரோ என்னவோ. தெருவில் என்னை யாரும் இனிமேல் கூப்பிட்டுப் பேசமாட்டார்கள் என்பது தெரியும். அதெல்லாம்கூடத் தாங்கிவிடுவேன். ஞானப்பூ அங்கே இருப்பாள். பெண்கள் பக்கம் எனக்கு நேர் பின்னால்தான் எப்போதும் பாய் போட்டு உட்காருவாள். நான் எழுந்து சபைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்ததும் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அவள் மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத இந்த நேரத்தில், நான் சொன்னது பொய் என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வராது. வேறு எங்கே பார்த்தாலும் பழைய பொய்தான் மறுபடி வாயில் வரும், எனக்கு என்னைத் தெரியும்.

நீ முன் வரிசைக்குப் போகாதே. ஆண்கள் பக்கம் கடைசித் தூணை ஒட்டி நில். அங்கே நின்றால் ஞானப்பூ தலைக்கு மேலே நீ தெரிவாய். நான் உன்னைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முடிக்கும் வரைக்கும் நீ தலையைக் குனிந்துவிடாதே.

யாரும் சொல்லித் தராமல் இதை எழுதியவள்,
உன் அம்மா